நீறு பூத்த நெருப்பு: செவ்வாயின் எரிமலைகள் எப்படி அடங்கின?

1865 ஆகஸ்ட் 25. பீகாரில், கயா மாவட்டத்து ஷெர்காட்டியில் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. எடை ஐந்து கிலோ அளவுதான். இன்று விண்கல் ஆய்வு செய்கிற எல்லோருக்கும் அந்த ஊரின் பெயர் தெரியும், ஏனென்றால் அதே போன்ற கற்கள் பின்னால் எங்கெங்கோ கிடைத்தபோது அந்த வகைக்கே ஷெர்காட்டைட் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அது எரிமலைக் கல். குழம்பாக இருந்து குளிர்ந்த பசால்ட். அதில் பெரிய ஆச்சரியம் இல்லை, எரிமலைக் குழம்பில் பிறந்த விண்கற்கள் வேறும் உண்டு. ஆச்சரியம் வயதில் இருந்தது. பூமியில் விழும் விண்கற்களில் ஏறக்குறைய எல்லாமே 450 கோடி ஆண்டுகளைத் தாண்டியவை, சூரியக் குடும்பம் உருவான காலத்துச் சரக்கு. ஷெர்காட்டிக் கல்லோ சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்தான் இறுகியிருக்கிறது. பூமியில் டைனோசர்கள் நடமாடிக்கொண்டிருந்த காலம் அது.

இங்கேதான் ஒரு கேள்வி எழுந்தது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி: 17 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஓடுமளவுக்கு உள்ளே சூடு வைத்திருந்த இடம் எது? குறுங்கோளாக இருக்க முடியாது. வெஸ்டா போன்ற பெரிய குறுங்கோளே சுமார் 525 கிலோமீட்டர் குறுக்களவுதான், அதிலும் ஒரு காலத்தில் குழம்பு ஓடியது, ஆனால் பிறந்த சில கோடி ஆண்டுகளுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அவ்வளவு காலம் சூட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஒரு கோள் அளவுக்குப் பெரிய உடல் வேண்டும். இப்படித்தான் சந்தேகம் செவ்வாயின் பக்கம் திரும்பியது. அண்டார்க்டிகாவில் கிடைத்த அதே வகைக் கல் ஒன்றின் கண்ணாடித் துணுக்குகளுக்குள் சிக்கியிருந்த காற்றை 1983இல் அளந்தார்கள், 1976இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கி அளந்த காற்றோடு அது பொருந்தியது. பீகாரில் விழுந்தது செவ்வாயின் துண்டு என்று உறுதியானது.

ஒரு கல்லின் வயதை வைத்தே அது பிறந்த இடத்தின் அளவை வாதாடிப் பிடிக்க முடிந்தது. அந்த வாதத்துக்கு அடியில் இருக்கும் விதியைத்தான் செவ்வாயை வைத்து இங்கே பார்க்கப் போகிறேன்: பாறைக் கோள்களில் எரிமலைகள் எப்படி, ஏன் அடங்குகின்றன.

சூடு எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது

கோளின் உள்ளே இருக்கும் சூட்டுக்கு இரண்டு மூலங்கள். ஒன்று பிறப்பிலேயே வந்தது: பாறைகள் மோதி மோதி ஒன்றாகிய வேகமும், இரும்பு நடுவே மூழ்கிக் கருவமாகத் திரண்டதும் கொடுத்த சூடு. இன்னொன்று கதிரியக்கம். யுரேனியம், தோரியம், பொட்டாசியம் இவை சிதையும்போது வருவது. இந்த இரண்டாவது சம்பாத்தியமும் குறைந்துகொண்டே வரும். பொட்டாசியம்-40இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்து தீர ஆகும் காலம், 125 கோடி ஆண்டுகள், ஆகவே கோள்கள் பிறந்தபோது இருந்ததில் இன்று பன்னிரண்டில் ஒரு பங்குதான் மிச்சம். யுரேனியம்-235 கிட்டத்தட்டத் தீர்ந்தேவிட்டது. யுரேனியம்-238 பாதிக்கு வந்திருக்கிறது. தோரியம் மட்டும் பெருமளவு அப்படியே இருக்கிறது, அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டுகள்.

வரவு இப்படிக் குறைய, செலவு கோளின் அளவைப் பொறுத்தது. அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றுப் பானை வெகுநேரம் சூடாக இருக்கும், அதே சோற்றைத் தட்டில் பரப்பினால் சாம்பார் ஊற்றுவதற்குள் ஆறிவிடும். சூடு தங்குவது கனஅளவில், வெளியேறுவது மேற்பரப்பு வழியாக. செவ்வாயின் ஆரம் 3,390 கிலோமீட்டர், பூமியினுடையது 6,371. ஆரம் ஏறக்குறைய பாதி என்றால், ஒரு கன கிலோமீட்டர் பாறைக்குக் கிடைக்கும் மேற்பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. சின்னது சீக்கிரம் ஆறும்.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் கதை தப்பாகப் புரியும். நிறையப் பேர் நினைப்பது போல செவ்வாய் உள்ளே ஆறிப்போன கல் அல்ல. அதன் கவசப் பகுதி, அதாவது மேலோட்டுக்கும் கருவத்துக்கும் நடுவே இருக்கும் பாறை, இன்னும் நல்ல சூட்டில்தான் இருக்கிறது, கருவத்தில் பெரும்பகுதி இன்னும் திரவம். எரிமலை அடங்குவதற்கு உள்ளே முழுக்க ஆற வேண்டிய அவசியமே இல்லை. மூடி தடித்தால் போதும்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கோளுக்குள்ளே பெருமளவு பாறை திட நிலையில்தான் இருக்கிறது, பூமியிலும்தான். சூடு போதாமல் இல்லை, அழுத்தம் உருக விடுவதில்லை. பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதித்து ஆவியாகிவிடாமல் இருக்கும், வெயிட்டைத் தூக்கினால் அடுப்பைக் கூட்டாமலேயே புஸ்ஸென்று பொங்கும், இல்லையா? பாறையும் அப்படித்தான். ஆழத்திலிருந்து சூடான பாறை மெல்ல மெல்ல மேலே ஏறினால், புதிதாகச் சூடு சேராமலேயே, அழுத்தம் குறைந்ததால் மட்டும் ஒரு பகுதி உருகும். உருகிய பகுதிதான் எரிமலைக் குழம்பு. ஆக, சூடான பாறை எவ்வளவு மேலே வர முடிகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பூமியின் ஓடு பல தட்டுகளாக உடைந்து நகர்கிறது. தட்டுகள் பிரியும் கடலடிப் பிளவுகளில் சூடான பாறை ஏறக்குறைய மேற்பரப்பு வரைக்கும் வந்துவிடும், அதனால்தான் பூமியின் குழம்பில் பெரும்பங்கு நம் கண்ணில் படாமல் கடலுக்கடியில் வெளியாகிறது. செவ்வாயில் தட்டுகள் இல்லை. முழுக் கோளுக்கும் ஒரே ஓடு. காய்ச்சிய பாலை ஆறவிட்டால் மேலே ஆடை படிந்து, ஆற ஆற அது தடிப்பது போல, இந்தக் குளிர்ந்த ஓடும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தடித்துக்கொண்டே வருகிறது. கீழிருந்து ஏறிவரும் சூடான பாறை இந்த ஓட்டின் அடியில் முட்டி நின்றுவிடும். ஓடு 100 கிலோமீட்டர் தடிமனாக இருந்த காலத்தில் நிறைய உருகியது. இன்று, செவ்வாயில் இறங்கிய இன்சைட் கலத்தின் அதிர்வுப் பதிவுகள் காட்டும் தடிமன் 400 முதல் 600 கிலோமீட்டர். அவ்வளவு ஆழத்திலேயே நின்றுவிட்டால், சாதாரணச் சூட்டில் இருக்கும் பாறை உருகவே உருகாது. வழக்கத்தைவிட அதிகச் சூடான வெப்பத் தூண் ஒன்று கீழிருந்து எழுந்தால் மட்டுமே கொஞ்சம் உருகும்.

நான்கு கரும்புள்ளிகள்

1971 நவம்பர் 14 அன்று மரைனர் 9 செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. வேறொரு கோளைச் சுற்றிய முதல் கலம். போன நேரத்தில் கோள் முழுவதும் தூசிப் புயல், கீழே ஒன்றுமே தெரியவில்லை. தூசிக்கு மேலே நான்கு கரும்புள்ளிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. வாரங்கள் கழித்துத் தூசி அடங்க அடங்க, ஒவ்வொரு புள்ளியும் ஒரு எரிமலையின் உச்சி என்று தெரிந்தது. ஒலிம்பஸ், அஸ்க்ரேயஸ், பவோனிஸ், ஆர்சியா. ஒலிம்பஸின் உயரம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர், அகலம் சுமார் 600 கிலோமீட்டர். நம் மங்கள்யான் 2014இல் போய்ச் சேர்ந்த பிறகு அனுப்பிய படங்களிலும் இந்த எரிமலைகள் உண்டு, அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஏன் இவ்வளவு பெரிது? இதற்குப் பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தைக் குழம்பால் மூடிய வெப்பத் தூண் இன்றும் அணையவில்லை. அது அப்படியே நிற்க, மேலே இருந்த இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்தது. நகர நகர லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், பிறகு மொரிஷியஸ் என்று வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டே போய், இன்று ரீயூனியன் தீவில் எரிகிறது. தட்டு நகராமல் நின்றிருந்தால் அத்தனை குழம்பும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். செவ்வாயில் நடந்தது அதுதான்.

அடங்கிய வரிசை

ஆரம்பத்தில் செவ்வாய் முழுவதும் எரிமலைக் காலம். எரிமலைகளும் குழம்புச் சமவெளிகளும் வடக்கு தெற்கு என்று பார்க்காமல் எங்கும் இருந்தன. தார்சிஸ் என்கிற மாபெரும் மேடு, மேலே சொன்ன மூன்று எரிமலைகளைச் சுமந்து ஒலிம்பஸைத் தன் ஓரத்தில் வைத்திருக்கும் மேடு, அதன் பெரும்பகுதி சுமார் 370 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கட்டி முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த காலத்தில் சிர்ட்டிஸ் மேஜர் போன்ற பரந்த குழம்புப் பகுதிகள், தெற்கு மேட்டு நிலத்தில் டிர்ஹீனஸ், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அப்பொலினாரிஸ். பிறகு இவை ஒவ்வொன்றாக அணைந்தன. சுமார் 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து பார்த்தால் தார்சிஸ், எலிசியம் என்ற இரண்டு வட்டாரங்கள்தான் மிச்சம். ஒரு பெரிய வீட்டில் ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே வந்து கடைசியில் இரண்டு அறையில் மட்டும் வெளிச்சம் இருப்பது போல.

ஒவ்வோர் எரிமலைக்குள்ளும் நடந்தது இன்னும் சுவாரசியம். நக்லைட் என்று இன்னொரு வகை செவ்வாய்க் கற்கள் உண்டு, 1911இல் எகிப்தின் நக்லாவில் விழுந்த கல்லின் பெயரில். 2017இல் வெளியான ஆய்வில் இவற்றின் வயதைத் துல்லியமாக எடுத்தார்கள். எல்லாம் ஒரே எரிமலையிலிருந்து வந்தவை, சுமார் 130 முதல் 140 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை, ஆனால் ஒரே வெடிப்பில் அல்ல: 9 கோடி ஆண்டுகளில் பரவிக் கிடக்கும் குறைந்தது நான்கு குழம்பு ஓட்டங்கள். கணக்குப் போட்டால் அந்த எரிமலை 10 லட்சம் ஆண்டுகளுக்கு அரை மீட்டர் அளவுதான் வளர்ந்திருக்கிறது. பூமியில் அதே மாதிரியான எரிமலையோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு மெதுவு. அதே 2017இல் இன்னொரு சேதி: 240 கோடி ஆண்டு வயதுள்ள ஒரு ஷெர்காட்டைட். சுமார் 11 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே மோதலில், ஒரே இடத்திலிருந்து, 35 முதல் 57 கோடி ஆண்டு வயதுள்ள வேறு கற்களோடு சேர்ந்து அது தூக்கியெறியப்பட்டிருக்கிறது. அப்படியானால் ஒரே வட்டாரம் கிட்டத்தட்ட 200 கோடி ஆண்டுகளாக விட்டு விட்டு எரிந்திருக்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது என்னவென்றால், செவ்வாயின் எரிமலைகள் தேய்ந்தது இரண்டு கணக்கில்தான்: எரியும் இடங்கள் குறைந்தன, இரண்டு வெடிப்புகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. மூன்றாவதாக ஒவ்வொரு வெடிப்பும் பலவீனமானது என்று சேர்த்துச் சொல்வார்கள், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம் அதபாஸ்கா. எலிசியம் பக்கத்தில் அதபாஸ்கா வேலிஸ் என்ற பள்ளத்தாக்கு வழியாகப் பாய்ந்த குழம்பு சுமார் 2,50,000 சதுர கிலோமீட்டரை மூடியது. தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அளவு 5,000 கன கிலோமீட்டருக்குக் குறையாது, பாய்ந்து முடிக்கச் சில வாரங்களே ஆகியிருக்கும் என்பது அதை ஆராய்ந்தவர்களின் கணிப்பு. 1783இல் ஐஸ்லாந்தின் லாக்கி எட்டு மாதம் எரிந்து கொட்டியது 15 கன கிலோமீட்டர், அதற்கே நாடு நிலைகுலைந்தது. அதபாஸ்கா நடந்தது செவ்வாயின் முதுமையில், கடந்த சில கோடி ஆண்டுகளுக்குள்.

வயதை எப்படிச் சொல்கிறார்கள்

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. கல் கையில் இருந்தால் வயது உறுதி. மற்ற இடங்களில் விண்கல் மோதிய பள்ளங்களை எண்ணித்தான் வயது சொல்கிறார்கள். தூறல் விழும்போது மணலில் குழி விழும், பாதி மணலை இப்போது சமன் செய்தால் அந்தப் பாதியில் குழி குறைவாக இருக்கும், அதுதான் முறை. நிலவில் அப்போலோ பயணங்கள் கொண்டுவந்த கற்களை வைத்து எத்தனை பள்ளத்துக்கு எத்தனை ஆண்டு என்று அளவு பிடித்து, செவ்வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறார்கள். இந்த முறையில்தான் ஆர்சியா உச்சியில் கடைசிக் குழம்பு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று சொன்னார்கள். ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்தின் படங்களை வைத்து 2004இல் ஒலிம்பஸின் ஓரத்தில் சில ஓட்டங்கள் வெறும் 20, 30 லட்சம் ஆண்டு வயதுள்ளவை என்றார்கள்.

சின்னப் பள்ளங்களை எண்ணும்போதுதான் சிக்கல். எலிசியம் பக்கத்துச் செர்பரஸ் பகுதியில் ஸூனில் என்ற பத்து கிலோமீட்டர் அகலப் பள்ளம் இருக்கிறது. அதை உண்டாக்கிய ஒரே மோதல் கற்களை வாரி இறைத்ததில் ஒரு கோடி அளவுக்குக் குட்டிப் பள்ளங்கள் விழுந்தன என்று 2005இல் காட்டினார்கள். வானிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்தது எது, இப்படி ஒரே நாளில் சிதறியது எது என்று பிரிக்காமல் எண்ணினால் வயது ஏறுமாறாகிவிடும். அதனால் இளம் வயது எதைப் படித்தாலும் அதை ஒரு வரம்பாக எடுத்துக்கொள்வதே நல்லது.

ஒரே ஒரு வெடிப்பு

இத்தனையும் மனதில் வைத்துக்கொண்டு செர்பரஸ் ஃபோசேக்கு வருவோம். எலிசியம் சமவெளியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் நிலப் பிளவுகள் அவை. 2021இல் டேவிட் ஹார்வத்தும் சகாக்களும் அதில் ஒரு பிளவின் இரு பக்கமும் சமமாகப் படிந்த கரிய படிவம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். குழம்பாக ஓடியதல்ல, சாம்பலாக வெடித்துச் சிதறியது. பள்ளக் கணக்கில் அதன் வயது 53,000 முதல் 2,10,000 ஆண்டுகளுக்குள். மேல் வரம்பையே எடுத்துக்கொண்டாலும் 450 கோடி ஆண்டு வரலாற்றில் அது நேற்றுதான்.

அதே சமவெளியில் 2018 நவம்பர் 26 அன்று இன்சைட் இறங்கியது. 2022 டிசம்பர் வரைக்கும் 1,300க்கு மேற்பட்ட நில அதிர்வுகளைப் பதிந்தது. இடம் தெளிவாகத் தெரிந்த அதிர்வுகளில் பெரும்பாலானவை வந்த திசை செர்பரஸ் ஃபோசே, மூலம் 30 முதல் 50 கிலோமீட்டர் ஆழம். ஆனால் எல்லாவற்றிலும் பெரியது, 2022 மே 4 அன்று வந்த 4.7 அளவு அதிர்வு, அங்கிருந்து வரவில்லை. விண்கல் மோதியதா என்று பார்க்க, இஸ்ரோ உட்பட செவ்வாயைச் சுற்றும் கலங்களை இயக்கிய பல அமைப்புகள் சேர்ந்து படங்களைத் தேடின, புதுப் பள்ளம் எதுவும் அகப்படவில்லை. கோளின் ஓடே அசைந்ததுதான் காரணம் என்று முடிவானது. 2022இல் ப்ரோகே, ஆண்ட்ரூஸ்-ஹன்னா என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலிசியத்துக்கு அடியில் சுமார் 4,000 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வெப்பத் தூண் இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று வாதிட்டார்கள். அதிர்வுகளையும் இளம் சாம்பலையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு அது நம்பத்தக்கதாகவே தெரிகிறது.

எதிர்ச் சாட்சியும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். வடதுருவத்தில் ஆயிரம் கிலோமீட்டர் அகலமும் இரண்டு கிலோமீட்டர் தடிமனும் உள்ள பனிப்பாளம் இருக்கிறது. கிரீன்லாந்தில் அப்படியொரு பனி கீழே உள்ள நிலத்தைப் பல நூறு மீட்டர் அழுத்திவிட்டது. செவ்வாயிலோ, 2008இல் ரேடாரில் பார்த்தபோது, பனிக்கு அடியில் நிலம் ஏறக்குறைய வளையவே இல்லை, வளைவு 100 மீட்டருக்குள்தான். அவ்வளவு எடையைச் சுமந்தும் வளையாத ஓடு தடியாகவும் குளிர்ந்தும்தான் இருக்க வேண்டும். அப்புறம், 2018 முதல் காற்றை அலசும் ட்ரேஸ் கேஸ் ஆர்பிட்டர் கலம், எரிமலைகள் கக்கும் கந்தக டை ஆக்ஸைடின் சுவட்டைக்கூடக் காணவில்லை. இன்று செவ்வாயில் எந்த வாயும் புகையவில்லை.

இரண்டு சாட்சிகளும் முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. கோளின் பெரும்பகுதி வடதுருவம் போலத் தடித்துக் குளிர்ந்துவிட்டது, ஒரே ஒரு மூலையில் நீறு பூத்த நெருப்பு இருக்கிறது. அடங்குதல் கோள் முழுக்க ஒரே சீராக நடப்பதில்லை.

அளவு மட்டும் போதாது

சின்னது முதலில் அணையும் என்றால் நிலவு, புதன், செவ்வாய் என்ற வரிசை வர வேண்டும். வரவில்லை. புதன் நிலவைவிடப் பெரியது, குறுக்களவு 4,879 கிலோமீட்டர், நிலவு 3,474. இருந்தும் புதனின் பெரிய குழம்புப் பெருக்குகள் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டன. நிலவிலோ 2020இல் சீனாவின் சாங்-இ 5 கலம் கொண்டுவந்த பசால்ட்டின் வயது 200 கோடி. புதனுக்கு இரும்புக் கருவம் மிகப் பெரியது, உருகக்கூடிய கவசம் சுமார் 400 கிலோமீட்டர் தடிமன்தான். அதோடு ஆறும்போது கோளே சுருங்கியது, ஆரத்தில் ஏழு கிலோமீட்டர் வரைக்கும். சுருங்கும் ஓடு எல்லாப் பக்கமும் நெரிபட்டு, குழம்பு ஏற வேண்டிய பிளவுகளை இறுக்கி மூடிவிட்டது. கீழே குழம்பு இருந்தாலும் வழி இல்லை.

எரிமலை அடங்கினால் போவது மலை மட்டுமல்ல. தார்சிஸ் உருவானபோது வெளியான கரியமில வாயு பூமியின் காற்றழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்குப் போதும், நீராவி கோள் முழுக்க 120 மீட்டர் ஆழ நீருக்குப் போதும் என்று 2001இல் ஒரு கணக்குப் போட்டார்கள். இன்று அங்கே காற்றழுத்தம் பூமியினுடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. விண்வெளிக்குக் கசிந்த காற்றை ஈடுகட்ட எந்த எரிமலையும் மிச்சம் இல்லை.

இந்த ஆய்வை முடித்துவைக்கக்கூடிய ஒரு எண் இன்னும் கையில் இல்லை: செவ்வாயின் தரை வழியாக ஒவ்வொரு சதுர மீட்டரிலும் எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்பது. நிலவுக்கு அது உண்டு, அப்போலோ 15, 17 இரண்டும் அளந்தன, முறையே 21, 16 மில்லிவாட் அளவில் வந்தது. செவ்வாயில் அளக்கத்தான் இன்சைட் ஒரு துளைக்கும் கருவியைக் கொண்டுபோனது, ஐந்து மீட்டர் வரை இறங்க வேண்டியது. அந்த மண் கருவியைப் பிடித்துக்கொள்ளவில்லை, சுத்தியல் அடிக்க அடிக்க எகிறியது, இரண்டு வருடம் போராடி 2021 ஜனவரியில் கைவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை. அடுத்த முறை இரண்டு கருவிகள் போக வேண்டும், ஒன்று செர்பரஸ் பிளவின் ஓரத்தில், இன்னொன்று வெகு தொலைவில் தெற்கு மேட்டில். எலிசியத்துக்கு அடியில் உண்மையிலேயே சூடான தூண் இருந்தால் முதல் அளவு இரண்டாவதை மிஞ்சியே ஆக வேண்டும்.